பதின்மூன்றாவது குழி

அம்மாவின் நகக்கண்களில் ஏறியிருந்த மண்ணை, ஈரத்துணியின் முனையைத் திரித்து மகள் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்திருந்தாள். கட்டைவிரலில் மட்டும் மண் பிடிவாதமாக இருந்தது.

"போதும் விடுடி. நகத்தையா வந்து பாக்கப் போறாங்க?" என்றாள் அத்தை.

"இன்னும் கொஞ்சம்தான் அத்தை."

நேற்று சாயங்காலம் ஓடைக்கரையிலிருந்து திரும்பிய அம்மா, "ஒரே அசதியா இருக்கு, நீங்க போட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிப் படுத்தாள். விடிந்து அப்பா எழுப்பியபோது எழவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, வலி எதுவும் தெரிந்திருக்காது என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அலமாரியின் மேல் அம்மாவின் செல்போன் அடித்தது. திரையில் 'ஸ்கேல் மேடம்' என்று வந்தது. நகராட்சியின் மர அலுவலர். எங்கே போனாலும் கையில் ஒரு ஸ்கேலோடு வருகிறவர் என்பதால் அப்பாவோடு மரம் வெட்டும் ஆட்கள் வைத்த பெயர். அம்மா அதை அப்படியே பதிந்து வைத்திருந்தாள்.

"அக்கா, பதினொரு மணிக்கு ஓடைக்கு வந்துடறேன். பதினாலு கன்னும் நட்டாச்சா? இன்னைக்குத்தான் கடைசித் தேதி."

"மேடம், நான் அவங்க பொண்ணு பேசறேன்."

சொன்னாள். மறுமுனையில் ஏதோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு, "தேதியை நான் தள்ளி வெச்சுக்கறேம்மா. அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க" என்று குரல் வந்தது. வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொல்லத் திரும்பினாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவின் மரமேறி சொன்னான்: "அண்ணன் பின்பக்கமாப் போனாரு பாப்பா. கடப்பாரையும் மிச்சமிருந்த ரெண்டு கன்னும் எடுத்துக்கிட்டு. நான் வரட்டான்னு கேட்டேன். வேணாம்னு கையாலேயே சொல்லிட்டாரு."

"ஒரு மணிக்கு எடுக்க வண்டி வருது. இந்த அண்ணனுக்கு நேரம் காலமே கிடையாது. கையோட கூட்டிட்டு வா" என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே அந்தத் துணியை வாங்கி, அம்மாவின் கட்டைவிரலைத் தானே துடைக்கத் தொடங்கினாள்.

ஓடை பத்து நிமிட நடை. போன மாதம்வரை அதன் வளைவில் ஏழு பெரிய மரங்கள் நின்றன. தண்ணீர் கரையை அரித்து, வேர்கள் அந்தரத்தில் தொங்கின. ஏழும் நடைபாதையின் மேல் சாய்ந்துகொண்டே வந்தன. அப்பா மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஏழிலும் உள்ளே பொந்து என்றார். வெட்டினார்கள். அடிக்கட்டைகளைத் தோண்டவில்லை; தோண்டினால் கரையும் கூடவே போய்விடும். ஒரு மரத்தை எடுத்தால் இரண்டு கன்று நட வேண்டும் என்பது சட்டம். வெட்டுவது அப்பா, நடுவது அம்மா. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். நட்ட கன்று ஒரு வருடத்துக்குள் காய்ந்தால், நட்டவர் பெயருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அம்மா பெயருக்கு அப்படி ஒரு கடிதமும் வந்ததில்லை. மகள் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களைவிட இதைத்தான் அம்மா நாலு பேரிடம் அதிகம் சொல்லியிருப்பாள்.

அப்பா முழங்கால்வரை மண்ணோடு நின்றிருந்தார். பதின்மூன்றாவதை நட்டு முடித்து, பதினான்காவது குழியில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, வீட்டுக்கு வாங்க. மேடம் தேதியைத் தள்ளி வெச்சுக்கறேன்னு சொன்னாங்க."

"எதுக்குத் தள்ளணும்?"

கடப்பாரை மறுபடி மண்ணில் இறங்கியது.

"உங்கம்மா எடுத்த வேலை பாக்கி நிக்குதுன்னு அந்த ஆபீஸ்ல ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அவ பேர்ல ஒரு லெட்டர் வரக் கூடாது. இதை முடிச்சுட்டு வந்துதான் அவகிட்ட உக்காருவேன்."

காலையிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அது. மூச்சு வாங்கியது. அவள் கன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் குழிக்குள் இறக்கி, இன்னும் கொஞ்சம் தோண்டி, இன்னும் கீழே இறக்கினார். முதல் இலைவரை மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தார்.

அவள் கரையோடு வரிசையைப் பார்த்தாள். அம்மா நட்ட பன்னிரண்டிலும் தண்டு தடித்து வேராக மாறுகிற இடம், அந்தக் கழுத்து, மண்ணுக்கு மேலே வெளிறித் தெரிந்தது. இந்த இரண்டும் மட்டும் கழுத்தை மூடி முக்காடு போட்டதுபோல் இருந்தன.

"ஏம்ப்பா இவ்வளவு ஆழம்?"

"நாப்பது வருஷமா விழுந்த மரத்தையும் விழப்போற மரத்தையும்தான் பாக்கறேன். எல்லாம் மேல் வேரு. ஆழத்துல பிடிமானம் இருந்தா எதுக்கு விழுது? நான் நட்டது விழாது." கையை மண்ணின் மேல் வைத்து ஒருமுறை அழுத்தினார். "இது ரெண்டும் விழவே விழாது."

கழுத்தை மூடாதே, மூடினால் ஆறே மாதத்தில் அழுகிவிடும் என்று அம்மா போனில் ஆட்களைத் திட்டுவதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் உள்ளங்கை இன்னும் அந்த மண்ணின் மேலேயே இருந்தது. சொல்லவில்லை. இருவரும் ஓடையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மரங்கள் போன இடத்தில் வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது.

சரிவில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்கேல் மேடம்.

"வீட்டுக்குத்தான் கிளம்பினேன் அண்ணே. மேல ரோட்டிலிருந்து பாத்தேன்."

அப்பா எழுந்தார். "பதினாலும் ஆச்சு மேடம். பாத்துக்குங்க."

மேடம் தயங்கினார். பிறகு வரிசையோடு நடந்தார். பன்னிரண்டு கன்றுகளிடமும் ஒரு கணம் நின்றார். பதின்மூன்றாவதிடம் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அவள் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு ஒரு நாள் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வருவார். ஆனால் ஆறு மாதத்தில் இரண்டும் அழுகும். இல்லாத அம்மாவின் பெயருக்கு முதல் கடிதம் வரும். அதை வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்குவதும் அப்பாதான்.

மேடம் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். அளக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு முறை தட்டிக்கொண்டார்.

"அண்ணே, அக்கா இதைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

அப்பா கன்றைப் பார்த்தார். பன்னிரண்டாவதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"என்னையும் சேத்து அந்தக் குழியில வெச்சு மூடியிருப்பா" என்றார்.

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடமும் சிரித்தார். சிரித்து முடித்து அப்பா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல இப்படித்தான் முப்பத்தாறு கன்னு நட வெச்சேன்" என்றார் மேடம். "அக்கா ஆட்கள் முன்னாடி எதுவுமே பேசல. நான் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள முப்பத்தாறையும் எடுத்துத் திருப்பி நட்டு வெச்சிருந்தாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"என்கிட்டயும்தான் சொல்லல. நானாப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார். அப்பா கன்றைத் தூக்கிப் பிடிக்க, அவள் குழியின் பாதிவரை மண்ணைத் தள்ளினாள். "இன்னும் ஒரு விரல் மேல... ஆங், அப்படியே பிடிங்க" என்றார் மேடம். கழுத்து வெளியே வந்தது. பதினான்காவதையும் அப்படியே எடுத்து நட்டார்கள். அப்பா ஓடையிலிருந்து மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கும்வரை மூவரும் நின்றார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாம் நீங்க" என்றார் அப்பா. "போகாம இருந்தீங்களே. நன்றிங்க."

அவள் மனத்தில் இருந்ததும் அதுதான். மேடத்தின் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைக் குனிந்து தட்டிவிட்டாள்.

மேடம் பேனாவை எடுத்தார். படிவத்தில் 'நட்டவர்' என்ற கட்டத்திடம் பேனா நின்றது.

"பன்னெண்டுதான் அவ நட்டது" என்றார் அப்பா. "இது ரெண்டும் நாம மூணு பேரு. எப்படி எழுதுவீங்க?"

"கட்டம் சின்னது அண்ணே, ஒரு பேருதான் பிடிக்கும்" என்று சொல்லி அம்மாவின் பெயரை எழுதினார். "கூட நின்னது யாருன்னு இதுல கேள்வி கிடையாது."

மேடம் முன்னதாக வீட்டுக்குக் கிளம்பினார். அவள் கடப்பாரையை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே ரோட்டில் ஒரு நீளமான வெள்ளை வண்டி மெதுவாக வந்து நின்றது. ஒரு மணி ஆக இன்னும் நேரமிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, இங்க மரம் வெட்டறவர் வீடு எது? ஒரு அம்மா தவறிட்டாங்களாம்."

அப்பா கையை வேட்டியில் துடைத்தபடி சரிவேறி ஜன்னலருகே போனார்.

"நேராப் போங்க. தையல் கடை வரும். அங்க திரும்பிடாதீங்க, சந்து, உங்க வண்டி மாட்டிக்கும். அடுத்ததுல இடது பக்கம். பச்சைக் கேட்டு."

"நல்லது அண்ணே. இப்படி யாரும் விவரமாச் சொல்றதில்ல."

"நானும் அங்கதான் போகணும். ஏறிக்கட்டா?"

"தாராளமா. தவறினவங்க உங்களுக்குச் சொந்தமா?"

அப்பா கதவில் கை வைத்தபடி சற்று யோசித்தார்.

"அவங்ககிட்ட வேலை பாக்கறேன்" என்றார்.

செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டினார். மண் முழுவதும் போகவில்லை. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். வண்டி நகர்ந்தது. அவள் கடப்பாரையைத் தோளில் வைத்துப் பின்னால் நடந்தாள். வண்டி தையல் கடையைத் தாண்டி நேராகப் போனது. இருக்கையில் மண் பட்டுவிடாதபடி செருப்பைப் பிடித்திருந்த கை, ஜன்னலுக்கு வெளியே நீண்டபடியே போயிற்று.