நடக்கிறவனும் ஓடுறவனும்

வண்டன்மேட்டில் துரை பங்களாவின் பின்சுவரை ஒட்டியே ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சின்னத்துரை இசைத்தட்டு போட்டால், பாட்டெல்லாம் பங்களாவுக்குள்ளேயே நின்றுவிடும். அடியில் உறுமுகிற தந்தி மட்டும் கல்சுவரைத் தாண்டி வந்து, அதில் சாய்ந்து காய் தரம் பிரிக்கும் மிக்கேல்ராஜ், மரியஜோசப் இருவர் முதுகிலும் அதிரும்.

வாசிப்பவர் யாரென்று தெரியாததால் இவர்களே பேர் வைத்தார்கள். ஒரு பாட்டில் நிதானமாக அடியெடுத்து வைப்பவன் நடக்கிறவன். இன்னொன்றில் மூச்சு விடாமல் விரட்டுபவன் ஓடுறவன். மிக்கேல்ராஜுக்கு நடக்கிறவன் என்றால் உயிர். மரியஜோசப்புக்கு ஓடுறவன்தான். ஒருநாள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மரியஜோசப் மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

எழுபத்தெட்டில் கம்பம் ஊரில் ஒரு ரேடியோக் கடையில் அதே தட்டு ஓடியது. அந்தத் தந்திக்கு மேலே ஒருவன் கத்திப் பாடுவதை மிக்கேல்ராஜ் அன்றுதான் கேட்டான். நல்ல பேச்சில் குறுக்கே புகுந்தவன் மாதிரி எரிச்சலாக வந்தது.

"இது ஹெவி மெட்டல்ணே," என்றார் கடைக்காரர். இவன் தன் இரண்டு ஆட்களைப் பற்றிக் கேட்டதும் தட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அடியில உறுமுறது பேஸ் கிட்டார். ரெண்டு பாட்டுக்கும் ஒரே ஆளுதான் வாசிச்சிருக்காரு."

அந்த வருஷ மாதா திருவிழாவுக்கு மரியஜோசப் வந்திருந்தான். சப்பரம் தாண்டியதும் தோளில் இடித்தான்.

"என்னல, இன்னும் அந்த நொண்டி நடக்கிறவன்தானா?"

மிக்கேல்ராஜ் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"உன் ஓடுறவன் முதல்ல தடுக்கி விழாம இருக்கட்டும்ல," என்றான்.