நூலகர் மட்டும் கலைக்கக் கூடாத அடுக்கு

1

இந்தக் கதை எனக்கு ஓர் அட்டையிலிருந்து கிடைத்தது. ஒரு கல்லூரியில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அரங்கத்தில் மைக் மக்கர் பண்ணியது. "அஞ்சே நிமிஷம்மா" என்று நூலகத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளும் என்று உங்களுக்கும் தெரியும். ஜன்னலோரம் இடுப்புயரத்துக்கு ஒரு புத்தக அடுக்கு. அதன் தலையில் கையால் எழுதிய அட்டை:

இந்த அடுக்கை யார் வேண்டுமானாலும் கலைக்கலாம். நூலகர் மட்டும் கூடாது.

நூலகர் எதிரிலேயே உட்கார்ந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா அப்படி?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் காரணம் கிடைத்துவிடும். காரணம் கிடைத்துவிட்டால் கதைக்கு எங்கே போவேன்? ஆகவே, கண்ணுகளா, இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன்.

நூலகம் என்பது அறிவின் ஆலயம். அதில் நுழையும் ஒவ்வொருவரும்

(எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. உங்களையும் தூங்கவைப்பானேன்?)

மழை ஓய்ந்த அந்த மாலையில் நூலகரின் மனம்

(மனம் எங்கேயாவது போகட்டும். ஆள் எங்கே இருந்தார்?)

ஆள் தம் மேசையில் இருந்தார். எதிரே வரிசையாக மாணவர்கள் மின்விசிறிக் காற்றில் தலைகவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்காத ஒருவன் மட்டும் திரும்பி வந்த புத்தகங்களை வைத்து மேசைமேல் வீடு கட்டிக்கொண்டிருந்தான். நூலகர் எழுந்து போனது திட்டுவதற்குத்தான். "மேல வைக்க ஒல்லியா ஒண்ணு வேணுமே" என்று முணுமுணுத்தபடி அவன் எழுந்து போய், யாரும் தொடாத மூலையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான். கூரையாக வைக்கப்போனவன், அதைப் பிரித்து நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டான்.

நூலகர் திட்டாமலே தம் மேசைக்குத் திரும்பினார். மறுவாரம் ஜன்னலோரம் அந்த அடுக்கு வந்தது. அவர் வைத்த விதி இதுதான்: எந்தப் புத்தகத்தின் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஏன் என்று மட்டும் சொல்லத் தெரிய வேண்டும். சுரங்கப் புத்தகத்தின் பக்கத்தில் பல் மருத்துவம் வந்து நின்றது. "ரெண்டும் தோண்டுற பொழப்புதானே மேடம்" என்றார்கள். ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டுண்ணிப் புழுக்களோடு யாரோ சேர்த்துவைத்தார்கள். அதற்குக் காரணம் கேட்க நூலகருக்கே தோன்றவில்லை.

கிழிந்ததைத் தைக்க வரும் பைண்டர் அடுக்கை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நான் இதுக்கு பைண்டிங் பண்ணணுமா, பஞ்சாயத்துப் பண்ணணுமா?"

"ரெண்டும் பண்ணுங்க. கூலி ஒண்ணுதான்" என்றார் நூலகர்.*

* நூலகர் இதுவரை தம் கையால் அந்த அடுக்கில் ஒரு புத்தகத்தையும் நிறுத்தியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

3

இங்கே ஒரு பெண் வருகிறாள். முதலில் அவளைக் கெட்டிக்காரியாகத்தான் எழுதினேன். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள். அவளோடு ஒரு பக்கம் ஓட்டியதுமே அலுத்துவிட்டது. அழித்துவிட்டு, மாட்டிக்கொண்ட ஒருத்தியைக் கூட்டிவந்தேன்.

மழை பெய்தால் தெருக்களில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பது இவள் ஆராய்ச்சி. விடுதித் தோழிகள் வைத்த பட்டப்பெயர் 'தேக்கம்'. ஆரம்பத்தில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஆய்வேடு ஒரு வரிகூட நகராமல் போனபோது சிரிப்பும் நின்றுபோனது. குறிப்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்றுதான் புரியவில்லை. கைடு சொல்லிவிட்டார்: "இன்னிக்கு நாலு மணிக்கு அத்தியாய வரிசையோட வா. இல்லேன்னா வேற கைடைப் பாத்துக்கோ. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வேற வழியில்ல."

அன்று மதியம் அவள் ஜன்னலோரம் வந்து நின்றாள். படிக்க வரவில்லை, ஒளிந்துகொள்ள வந்தாள். கைபோன போக்கில் புத்தகங்களை எடுத்து நிறுத்தினாள். மண்ணைப் பற்றி ஒன்று, வாய்க்கால் வெட்டுவதைப் பற்றி ஒன்று. நடுவில் சிறுநீரகம் பற்றிய தடித்த மருத்துவப் புத்தகம். அப்புறம் பழைய தெருக்களின் வரலாறு, வரிசையில் காத்திருப்பதைக் கணக்குப் போடும் புத்தகம், கடைசியில் ஒரு கடைத்தெரு நாவல்.

"சிறுநீரகம் எங்க வந்துச்சு நடுவுல?" என்று கேட்டார் நூலகர்.

"ஊருக்கும் ஒண்ணு வேணுமே மேடம். குளம் குட்டையெல்லாம் அதுதானே. அதை நாம மண்ணப் போட்டு மூடி வீடு கட்டி..."

பாதியில் நிறுத்தினாள். அடுக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மேடம், இது... இதுதான் மேடம் என் தீசிஸ்! இந்த வரிசைதான்! இருங்க, ரூமுக்கு ஓடிப்போய் நோட்ஸ் பெட்டிய எடுத்துட்டு வந்துர்றேன்."

ஓடியவளின் செருப்புச் சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

4

இந்தப் பகுதியை எழுத எனக்கு மனமே வரவில்லை. நூலகரின் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

கைபேசி அடித்தது. நூலகரின் அக்கா. கழுத்தைச் சாய்த்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டார்.

"திரைச்சீலைக்கு அளவு எடுத்தியாடி?"

"எடுத்தேன்க்கா."

"எடுத்தேன் எடுத்தேன்னு போன தடவையும் சொன்ன. தச்சு வந்தா ஜன்னலுக்குப் பாவாடை கட்டினாப்ல முட்டிவரைக்கும் நின்னுச்சு."

"அது கடைக்காரன் பண்ண கோளாறு."

"ஆமா, ஊர்ல எல்லாருக்கும் கோளாறு, உனக்கு மட்டும் இல்ல. கேக்குறியா?"

"கேக்குறேன், சொல்லுக்கா."

வாய் அக்காவோடு இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பழகிய கை. இடம் மாறி நிற்கும் புத்தகத்தைக் கண்டால், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்வதுபோலத் தானே எடுத்துக்கொள்ளும். முதுகில் ஒட்டிய எண்ணைக் கண் பார்க்கும், கால் அந்தப் பக்கம் நடக்கும். மண் போனது. வாய்க்கால் போனது. சிறுநீரகம் மாடிக்குப் போனது. அக்கா பேச்சை முடித்துக் கைபேசியை வைத்தபோது ஜன்னலோர அடுக்கு துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. 'அப்பாடா, சுத்தமா இருக்கு' என்றுதான் நினைத்தார்.

5

பெட்டியோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"எங்க மேடம்?"

நூலகர் அடுக்கைப் பார்த்தார், தம் கைகளைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது.

"வெச்சுட்டேன்."

"எங்க வெச்சீங்க?"

"அதது இருக்கவேண்டிய எடத்துல."

[இங்கே அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நேரமில்லை; நாலு மணிக்கு அவள் போயாக வேண்டும். எடுத்துவிட்டேன்.]

"போட்டோ எடுத்து வெச்சிருக்கியாம்மா?"

"இல்ல மேடம். போட்டோ எடுத்தா வேலையாயிடும். விளையாட்டாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவருவது நூலகருக்குப் பெரிய காரியமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கொண்டுவருவார், கொண்டுவந்தார். வரிசைதான் வரவில்லை. அந்தப் பெண் மண்ணை முன்னால் வைத்தாள், எடுத்தாள். நாவலை முன்னால் வைத்தாள், எடுத்தாள். எப்படி வைத்தாலும் சும்மா வைத்ததுபோலவே இருந்தது. அறையிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வைங்க மேடம். என்னால முடியல."

"நானா? எனக்கு நம்பர் பாத்துத்தாம்மா வைக்கத் தெரியும்."

"நம்பர் பாக்காம வைங்க."

நூலகர் தடித்த மருத்துவப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கை பழகிய பக்கம் இழுத்தது. முதுகில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். புதிதாக நடக்கிறவர்போல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய், கடைசியில் கோடியில், நாவலுக்கும் அப்பால், அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன் மேடம் அங்க?" குரலில் விளையாட்டின் விதி இருந்தது. சொல்லியாக வேண்டும்.

"இல்ல... எல்லாத் தண்ணியும் கடைசில குளத்துக்குத்தானே வந்து சேரணும்? நாம வரவிடாமப் பண்ணிட்டோம். அதான் அதைக் கடைசில காலியா நிக்கவெச்சேன்."

பெண் எழுந்தாள். "நான் நடுவுல வெச்சிருந்தேன். இப்ப ஞாபகம் வருது. மண்ணு, வாய்க்கா, அது, அப்புறம் தெரு..." மடமடவென்று மற்றவை இடத்துக்கு வந்தன. சிறுநீரகம் மட்டும் கையில் நின்றது. நடுவிலும் சரியாக இருந்தது. கோடியிலும் சரியாக இருந்தது.

"எது மேடம் சரி?"

"ஐயோ, என்னக் கேக்காத. பட்டது போதும்."

நேரம் நெருங்கிவிட்டது. அவள் நூலக அட்டைக்கு மூன்று புத்தகம்தான் கொடுப்பார்கள். மீதி மூன்றை நூலகர் தம் பெயரில் எழுதிக் கொடுத்தார்.

6

முடிவு என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கைடு கண் கலங்கித் தட்டிக்கொடுக்கிறார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இன்னொன்றில் "விளையாட்டா இது?" என்று புத்தகங்களைத் தள்ளிவிடுகிறார். அப்படிப்பட்ட ஆளும் இல்லை. இரண்டும் பழகிய கை எழுதியவை. என் கைக்கும் அந்த வியாதி உண்டு. கதை எங்கே நின்றாலும் தூக்கிக்கொண்டுபோய் வழக்கமான இடத்தில் வைத்துவிடும்.

அந்த அட்டை எப்போது வந்தது என்றால், அந்தப் பெண் படியிறங்கிய உடனே. நூலகர் தாமே எழுதி, தாமே ஒட்டினார். பசை காய்வதற்குள் பைண்டர் வந்து படித்துவிட்டு, "உங்களுக்கு நீங்களே தடை உத்தரவா?" என்று சிரித்தார். நூலகர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு சின்னப் பகுதி என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதற்கு நான் எண் போடவில்லை. நாலாம் பகுதிக்கு முன்னால் நீங்கள் அதை வைத்தால், பெட்டி எடுக்க ஓடும்போது அந்தப் பெண் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த ஆசை அது. இங்கே, ஆறுக்குப் பின்னால் வைத்தால், அது நடந்தது. எங்கே வைத்தாலும் ஏன் என்று சொல்லத் தெரிந்தால் போதும். நான் தொடமாட்டேன்.

  

கைடு வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "பேப்பர் எங்க?"

"பேப்பர் இல்ல சார்." அவள் மேசையில் புத்தகங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மண், வாய்க்கால், தெரு, வரிசை, கடைத்தெரு. அவர் கண் கூடவே போனது.

"கையில என்ன?"

"இதை எங்க வைக்கிறதுன்னுதான் சார்..."

அவர் அந்தத் தடித்த புத்தகத்தை வாங்கினார். முதுகைப் படித்தார். மேசைமேல் இருந்த டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.