மழைக் கல்யாணத்து ஆல்பம்

கடைக்கு இணையதளம் வைத்த புதிதில் மேக்கப் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் அவள் கணவர், போட்டோக்காரர், கேமராக்களோடும் மாதிரி ஆல்பங்களோடும் உட்கார்ந்திருப்பார். பின்னறையில் பல்பு வரிசை வைத்த கண்ணாடி, உயர நாற்காலி, பெட்டி பெட்டியாகத் துணிப்பூ. அது அவள் ராஜ்ஜியம். ஊரே அவளை மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிட்டது. வாடிக்கையாளர் முன்னால் புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார். தனியாக இருக்கும்போது 'இவளே' என்பார்.

மணப்பெண் அலங்காரம், மேடை, போட்டோ, வீடியோ எல்லாம் ஒரே இடத்தில் என்று அவள் தம்பி இணையதளத்தில் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தான். அடியில் 'எங்களிடம் விசாரிக்க' என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கல்யாணங்கள் வந்து கொட்டப்போகின்றன என்று அவள் தினமும் திறந்து திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடன் வேண்டுமா என்று ஒரு கம்பெனி கேட்டது. இன்னொரு புண்ணியவான் 'ஹாய்' என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போனார். மற்றபடி புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள்.

"நாலு பேர் நல்லாருக்குன்னு எழுதாத கடைக்குள்ள எவன்க்கா நுழைவான்?" என்றான் தம்பி.

"நாம பண்ணின கல்யாணக்காரங்க எழுத மாட்டாங்களாடா?"

"கல்யாணம் முடிஞ்சா அவங்களுக்கு உன் மூஞ்சியே ஞாபகம் இருக்காது. நீயே ஒண்ணு எழுதிப் போடு."

அவள் அப்படியெல்லாம் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அதுதான் வினை. பழகியவளாக இருந்தால் நாலு வரி கூசாமல் அளந்துவிட்டுப் போயிருப்பாள். இவள் எழுதியதெல்லாம் 'தங்கள் சேவை மிகவும் திருப்திகரமாக இருந்தது' என்று ஆபீஸ் கடிதம் மாதிரியே வந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நிஜமாகவே ஒருத்திக்கு நடந்தது மாதிரி எழுது என்றான். நிஜமாக நடந்த கல்யாணங்களில் அவளுக்கு அடிமுதல் நுனிவரை தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அவளுடையது.

அதைத் தூக்கிக் கொடுத்தாள். 'மழைப்பெண்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள்: எங்கள் கல்யாணத்தன்று அடைமழை. பந்தல் சரிந்தது. மின்சாரம் போனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, போட்டோக்காரர் வாசலில் இருந்த கார்களை மேடைப் பக்கம் திருப்பச் சொல்லி, அந்த முன்விளக்கு வெளிச்சத்தில் என்னைப் படம் எடுத்தார். முகமெல்லாம் மழை வழிந்தும் கண் மை கலையவில்லை. அந்த ஒரு நாள் நான் அழகாக இருந்தேன்.

அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. ஏற்பாடு செய்த கேமராக்காரர் மழையால் வராமல் போய்விட, முழுக்கையை மடித்துவிட்டுக் கேமராவை எடுத்தவர் மாப்பிள்ளையேதான். அந்த ஆல்பத்தில் அதனால் மாப்பிள்ளை அநேகமாக இருக்கவே மாட்டார். பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சத்தில் அவள் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். போட்டோக்காரரும் மாப்பிள்ளையும் ஒரே ஆள் என்று எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் பாருங்கள், பெட்டி நிரம்பியது. 'மழையில கூட எடுத்தீங்களாமே', 'அந்த ஹெட்லைட் போட்டோ மாதிரி எங்களுக்கும் வேணும்', 'மை கலையாத மேக்கப் நீங்கதானா?' பதில் எழுதி அவளுக்கு விரல் வலித்தது. போட்டோக்காரர் புது லென்ஸ் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தம்பி தினமும் வந்து தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். அவளுக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் காலை பெட்டியைத் திறந்தபோது மழைப்பெண் எழுதியிருந்தாள். 'அக்கா, எங்க ஆல்பம் எப்ப கிடைக்கும்?'

தம்பியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் சத்தியம் பண்ணினான். "நான் ஏன்க்கா எழுதறேன்? உருப்படியா வியாபாரம் நடக்கறப்ப எனக்கு என்ன வேண்டுதலா?" அவன் பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். அன்று சொறியவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, நான்தான். ஆல்பம் இன்னும் வரலையே." மெல்லிய குரல். கோபமே இல்லை. குரலுக்குப் பின்னால் மழை அடித்துப் பெய்தது. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் இரும்புக்கடைக் கம்பிகள் பளபளத்தன.

"யாருங்க பேசறது?"

"மழைக் கல்யாணம்க்கா. மறந்துட்டீங்களா? மேடைப் படியில வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்ச்சுக்கிட்டேனே. நீங்கதான் பவுடர் போட்டு மறைச்சீங்க."

விழுந்ததை அவள் எழுதவில்லை. நிஜத்தில் விழுந்தது அவளேதான். அந்தத் தழும்பு அவளுடைய இடது முழங்கையில் இத்தனை வருஷமாக இருக்கிறது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முழங்கையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. திருப்பிக் கண்ணாடியில் பார்த்தாள். தழும்பு இருந்த அடையாளமே இல்லை.

முன்னறைக்கு ஓடினாள். "என்னங்க, ஒருத்தி மழைக் கல்யாண ஆல்பம் கேட்டு போன் பண்றா."

போட்டோக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அது இன்னும் குடுக்கலல்ல? பாவம், ரொம்ப இழுத்தடிச்சுட்டோம்."

"விளையாடாதீங்க. அது நம்ம கல்யாணம்."

"நம்ம கல்யாணமா?" அவர் சிரித்தார். கேலியாகச் சிரித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். குழந்தை ஏதோ உளறியதைக் கேட்ட மாதிரி அன்பாகச் சிரித்தார். "நம்மதுல ஏது மழை? நம்மது சும்மா சிம்பிளா..." என்று ஆரம்பித்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காலையிலதானே நடந்துச்சு? சாயங்காலமா?" பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு லென்ஸைத் துடைக்கப் போனார்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். பெற்றவள் மறப்பாளா? "மழையா? அது உன் கஸ்டமர் யாரோ ஒருத்தி கல்யாணம்னு நீதானடி சொன்னே," என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு மழையில நின்ன அழகைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனியே." அம்மா நல்ல ஞாபகசக்தி உள்ளவள். யார் வீட்டு விசேஷத்தில் யார் முறைத்துக்கொண்டார்கள் என்பதுவரை சொல்லுவாள். அவளே இப்படிச் சொன்னதும் மேக்கப் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஆல்பத்தை இழுத்தாள். தரையில் உட்கார்ந்து பிரித்தாள். அதே மழை. அதே கார்கள். வெளிச்சத்துக்கு நடுவில், முகமெல்லாம் நீர் வழிய, ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மேக்கப் அக்கா அவளை முன்பின் பார்த்ததில்லை. அழகான பெண்தான். மை கலையவில்லை. வெளிச்சம் முடியும் ஓரத்தில், பாதி இருட்டில், ஒருத்தி ஒரு கையில் மேக்கப் பெட்டியும் மறு கையில் குடையுமாக நின்று, குடையைத் தனக்குப் பிடிக்காமல் மணப்பெண்ணுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்து முகத்தை அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

பக்கம் திருப்பத் திருப்ப அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் இமை ஈரமாக இருந்ததும், மை ஒட்டாமல் இவள் ஊதி ஊதிக் காயவைத்ததும், 'அக்கா, கூசுது' என்று அவள் சிரித்ததும். நடக்கவே நடக்காத ஒன்று விரல் நுனியில் அப்படியே இருந்தது. நடந்தது எது என்று யோசித்தால் வெறும் சத்தமாக மழை மட்டும் கேட்டது. ஆல்பத்தை மூடிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு வந்த போட்டோக்காரர் அவளை விட்டுவிட்டு ஆல்பத்தைப் பார்த்தார். "ஓ, இங்கதான் இருக்கா? நல்லதாப் போச்சு. இன்னிக்கே வந்து வாங்கிக்கறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு." தூசி தட்டி மேஜையில் வைத்தார். "கீழ போய் அட்டையும் டேப்பும் வாங்கிட்டு வரேன் மேக்கப் அக்கா." தனியாக இருக்கும்போது அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வார்த்தைதான் அவளை உலுக்கி எழுப்பியது. ஆல்பம் இந்த வாசலைத் தாண்டினால் புருஷன் போய்விட்டான், அவ்வளவுதான். அவள் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். எழுதினதால் வந்த வினை, அழித்தால் தீர்ந்தது. தம்பிக்குப் போன் போட்டு எப்படி அழிப்பது என்று கேட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அதை எடுத்தா ஒரு ஆள் விசாரிக்க மாட்டான். மொத்த வியாபாரமும் அதுலதான் நிக்குது."

"வியாபாரம் நாசமாப் போகட்டும். எனக்கு என் புருஷன் வேணும்டா."

"அவர் எங்கக்கா போனாரு?" என்றான் அவன் ஒன்றும் புரியாமல். இருந்தும் வழியைச் சொன்னான்.

வாசல் படியில் ஈரச் செருப்பு சத்தம் கேட்டது. சளக், சளக் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. 'நிச்சயமாக நீக்க வேண்டுமா? நீக்கினால் திரும்பப் பெற முடியாது' என்று திரை கேட்டது. எதை அழித்தாலும் அது அப்படித்தான் கேட்கும், யார் படிக்கிறார்கள்? கதவுப் பிடி திரும்பியது. அவள் அழுத்தினாள்.

செருப்புச் சத்தம் நின்றது. கதவு தானாகக் கொஞ்சம் திறந்தது. வெளியே யாரும் இல்லை, படிகள் காய்ந்து கிடந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டவள் மேஜையில் இருந்த ஆல்பத்தை ஆசையாகப் பிரித்தாள்.

எல்லாப் பக்கமும் கறுப்பு. மழை இல்லை, கார் இல்லை, அந்தப் பெண் இல்லை. ஓரத்தில் குடை பிடித்தவளும் இல்லை. கல்யாணம் முழுவதையும் அவள் அந்த எழுத்துக்குள் அல்லவா வைத்திருந்தாள்? எழுத்தோடு அதுவும் போயிற்று.

அட்டையும் டேப்புமாகப் போட்டோக்காரர் படியேறி வந்தார். எதற்கு வாங்கினோம் என்று தெரியாதவராக அவற்றை ஒரு மூலையில் வைத்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். உடனே சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்க மேடம், கீழ போயிருந்தேன். ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா? அதென்ன, படம் ஒட்டாத புது ஆல்பத்தைப் பார்த்துட்டு இருக்கீங்க? மாதிரிங்க அந்த அலமாரியில இருக்கு."

அவள் ஆல்பத்தை மூடி மேஜையில் வைத்தாள்.

"போட்டோ, வீடியோ, மேடை எல்லாம் நாமளே பண்ணிடலாம். மேக்கப்புக்கு மட்டும் ஆள் இல்ல, தேடிட்டு இருக்கேன்," என்றார். "கல்யாணம் எப்ப?"

"தேதி வைக்கலங்க."

"மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றாங்க?"

"மாப்பிள்ளைக்கே இன்னும் தெரியாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் முன்பு வரை அவளுடையதாக இருந்த சிரிப்பு.

"அப்ப முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க மேடம்," என்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பேசுவதற்காகக் காத்து உட்கார்ந்தார்.