வெறும் அம்பாரி

1658 மே 29. ஆக்ராவுக்குக் கிழக்கே, யமுனையை ஒட்டிய சாமூகர் வெளியில், அரியணைக்காக மூத்த இளவரசரின் படையும் அவருடைய தம்பிகளின் படையும் எதிரெதிரே நின்றன.

காலையிலேயே கவசத்தைத் தொட்டால் சுட்டது. மூத்தவரின் படையில் வெடிமருந்து ஒட்டகங்களோடு இருந்தான் இனாயத். அவன் தம்பி ரஹ்மத் முன்வரிசைத் துப்பாக்கிக்காரன். ரஹ்மத்தைப் படையில் சேர்த்துவிட்டதே இனாயத்தான். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

"இந்த வெயில்ல நோன்பு வேற வச்சிருக்கான், கிறுக்கன். சண்டையில இருக்கறவனுக்கு விலக்கு உண்டு, தண்ணி குடிடான்னா கேக்க மாட்டேங்குறான்" என்றான் இனாயத்.

ஒட்டகக்காரர் கேசூ சிரித்தார். "அவன் பங்கையும் சேத்து நீதான் குடிச்சிட்டியே."

நண்பகலில் முன்வரிசை எதிரியின் பீரங்கிகளை நோக்கி நகர்ந்தது. ரஹ்மத்தும் போனான். பின்னால் நின்ற குதிரைப்படை போய்ச் சேர்ந்தால்தான் அவர்கள் பிழைப்பார்கள். அது இன்னும் புறப்படவில்லை.

புழுதியில் கொடிகள் மறைந்துபோயின. எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது இளவரசரின் யானைமேல் இருந்த அம்பாரி மட்டும். அவர் அதில் உட்கார்ந்திருக்கும்வரை படை நிற்கும். தலைமுறைகளாக அப்படித்தான்.

மருந்து மூட்டை இறக்க இனாயத் யானைக்கு அருகே போனபோது, எரிவாணம் ஒன்று அதன் காலடியில் வெடித்தது. இளவரசர் அவசரமாக இறங்கிக் குதிரை ஏறினார். இருபதடி தொலைவிலிருந்து இனாயத் பார்த்தான். அவருக்குக் காயம்கூட இல்லை.

அவன் திரும்பி வந்தபோது குதிரைவீரர்கள் வெறும் அம்பாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டாருய்யா!" என்றான் ஒருவன்.

"யாரு போனது? குதிரைமேல இருக்காரு! என் கண்ணால பாத்தேன்!" இனாயத் அவர்கள் தலைவரின் கடிவாளத்தைப் பிடித்தான். "முன்னால நம்ம ஆளுங்க இருக்காங்க ஹுசூர். விட்டுட்டுப் போயிடாதீங்க!"

தலைவர் குனிந்தார். தாடி முழுவதும் புழுதி. "முப்பது வருஷமா அம்பாரியப் பாத்துச் சண்டை போடுறவன் நான். மூட்டை தூக்குற நீ எனக்குச் சொல்றியா? எடுடா கையை."

இனாயத் எடுக்கவில்லை. சாட்டை விழுந்தது. அந்தக் குதிரை திரும்பியது. அதைப் பார்த்து அடுத்தது, பிறகு வரிசை முழுவதும்.

கேசூ ஒட்டகத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். "ஏறு தம்பி."

"அவன் அங்க இருக்கான்ணே."

"தெரியும். ஏறு."

இனாயத் ஏறாமல் பீரங்கிப் புகையை நோக்கி நடந்தான். ஓடிவந்த கூட்டம் அவனை இரண்டுமுறை கீழே தள்ளியது. மூன்றாவது முறை தன்னோடு இழுத்துச் சென்றது.

ரஹ்மத்தின் அணியில் நாற்பது பேர். மறுநாள் ஆக்ராவுக்கு வந்துசேர்ந்தவர்கள் மூவர். அவர்களில் ரஹ்மத் இல்லை.