மிச்சமிருந்த மாவிறகு

அண்ணாமலை நகரில் விடுதிப் பிள்ளைகளுக்குக் கோழி சுட்டு விற்கும் ராஜமாணிக்கம், மாப்பிள்ளை பார்ப்பதுபோல விறகு பார்ப்பார். சவுக்குக் கரியில் மணமில்லை, முந்திரி விறகு தெறிக்கும் என்று எல்லாவற்றிலும் நொட்டை சொல்வார். காய்ந்த மாவிறகு ஒன்றுதான் தேறும். அதன் புகை கறியில் ஏறும், அவர் சட்டையிலும் ஏறும். “மாமா, சட்டைய வாசல்லயே கழட்டிட்டு வா. வூடே கோழிக்கடையா நாறுது” என்று ஞானாம்பாள் தினமும் மனைவிக்குரிய அதிகாரத்தோடு விரட்டுவாள்.

ஐப்பசி அடைமழையில் அவள் போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டு விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ராஜமாணிக்கம் கடையில் அடுக்கியிருந்த மாவிறகில் பாதியை வண்டியில் ஏற்றி அனுப்பினார். தெரு சும்மா இருக்குமா?

“பொண்டாட்டிக்கும் கடை வெறகுதானா? கஞ்சப்பய!” என்றாள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள். சாவு வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

காரியம் முடிந்து கடை திறந்தவர், மீதி விறகைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். கொட்டாங்குச்சியில் சுட்டுப் பார்த்தார். பழைய ருசி இல்லையென்று பிள்ளைகள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். ஞானாம்பாளின் தம்பி சுப்புராயன் கம்மாபுரத்திலிருந்து ஒரு மூட்டை நிலக்கரி கொண்டுவந்தான்.

“நின்னு எரியும் மாமா.”

நின்றுதான் எரிந்தது. கந்தக நாற்றம் தெருமுனை வரை போனது.

“அண்ணே, இது கோழியா, ரயில் இஞ்சினா?” என்றான் ஒரு மாணவன். அதன்பிறகு அவனும் வரவில்லை.

“கடைய மூடிடுவ போலிருக்கே. மாவெறகு அவ்ளோ கெடக்குது, எடுத்தா என்னா?” என்றான் சுப்புராயன்.

“ஒங்கக்காவ அதுலதானே மச்சான் வச்சோம். பத்த வச்சா அதே பொகைதானே வரும்?”

சுப்புராயன் கரி மூட்டையின் வாயைக் கட்டினான். வெகுநேரம் கட்டினான். பிறகு, “வேற என்னா தொழில் தெரியும் மாமா ஒனக்கு?” என்றான் மெதுவாக.

மறுநாள் தார்ப்பாய் விலகியது. சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. தில்லையம்மாளே தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

“இப்பத்தான்யா பழைய மணம்! ஏன் கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?”

“பொகை” என்றார் ராஜமாணிக்கம்.

கடை மூடி வீட்டுக்கு வந்தார். வாசலில் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. இரண்டைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளேயிருந்து விரட்ட யாருமில்லை. பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு, சட்டையோடே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.