தானாகத் தண்ணீர் ஊற்றும் தொட்டி

ஒரு குவளைத் தண்ணீரோடு முடிகிற வேலைக்கு, கோடை விடுமுறையில் ஆறு வாரம், இரண்டு பேர், ஒரு மடிக்கணினி, பதினேழு கம்பி. மண் காய்ந்தால் எங்கள் கருவி தானாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. செடி இரண்டு முறை செத்தது. இரண்டு முறையும் புதுச் செடி வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தோம்.

புரோகிராம் என் பொறுப்பு. கம்பிகளைப் பற்றவைப்பது என் கூட்டாளியின் பொறுப்பு. நாள் முழுக்க சால்டரிங் கோலும் கையுமாக இருந்ததால் அவளுக்கு ஈயம் என்று பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் எது ஓடாவிட்டாலும் முதல் பழி பற்றவைப்புக்குத்தான். என் திரையில் 'பிழைகள்: பூஜ்யம்' என்று வந்திருந்தது. அதை நன்னடத்தைச் சான்றிதழ் போல ஊருக்கெல்லாம் காட்டினேன். வழிகாட்டிப் பேராசிரியரும் பார்த்தார்.

"புரோகிராம் சரியா இருக்கேம்மா. அப்ப ஜாயின்ட்தான் சரியில்ல."

"அவளுக்குக் கை லேசா நடுங்குது சார்," என்றேன். பெரிய மருத்துவர் நான்.

ஈயம் அத்தனை இணைப்பையும் உருக்கியெடுத்து மறுபடி பற்றவைத்தாள். நான்கு தடவை. விரலெல்லாம் கொப்புளம். கடைசி வாரம், வேறு துறைக்கு மாற விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"எனக்கு இது வராதுடி," என்றாள். தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். அதிலெல்லாம் நான் கெட்டிக்காரி.

வியாழக்கிழமை மத்தியானம், அறிக்கை எழுதுவதற்காக என் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன், ஆறு வாரத்தில் முதல் முறையாக. மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கம்பி, மின்சுற்றுப் பலகையின் ஐந்தாம் துளையில் இருந்தது. நான் நான்காம் துளையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? நான்கை ஐந்தாக்கினேன். பம்பு உடனே ஓடி மேசையை நனைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

'பற்றவைப்பு சீர்செய்யப்பட்டது' என்று அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். எழுதியும் பார்த்தேன், நடை அழகாகவே வந்தது. அதோடு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை அழித்தேன். கல்லூரி அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு நின்றவளை ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"தப்பு என்னோடதுடி. ஒரே ஒரு நம்பர மாத்திப் போட்டுட்டேன். உன் கையில ஒரு குறையும் இல்ல."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து மத்தியானம்."

விண்ணப்பத்தை நான்காகக் கிழித்தாள்.

"நேத்து சாயங்காலம் அம்மா என்னை நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. கையை நீட்டுன்னாரு. பயத்துல நெஜமாவே நடுங்குச்சு. அம்மா அங்கயே அழுதுட்டாங்க."

அதற்குப் பிறகு என்னோடு பேச அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. பேசச் சொல்லிக் கேட்க எனக்கும் முகம் இல்லை.