கொழுந்தன் சுத்தம் செய்துகொடுத்த கம்ப்யூட்டர்

கொழுந்தன் வந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிட்டுப் போன மறுநாளே அதன் திரை கறுத்துப்போனது.

அவள் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி வரைந்து கொடுப்பவள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், இழுப்பறையை முழுசாக இழுத்தால் அடுப்பில் இடிக்குமா, சிங்க்குக்கு அடியில் குழாய் போக வழியிருக்கிறதா என்றெல்லாம் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் தச்சுப் பட்டறையில் பலகை அறுபடும். கம்ப்யூட்டர் பழசுதான். ஆனால் அதற்குள் இருந்த, படங்களைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு, பழசிலேயே நல்லதாகப் பார்த்து அவளே தேடிப்பிடித்து வாங்கியது. ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

கொழுந்தன் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் ‘சிஸ்டம்’. யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் சிஸ்டத்தைக் கூப்பிடு என்பார்கள். அவனும் வருவான், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவான், யாருக்கும் புரியாத நாலு வார்த்தை சொல்வான், காபி குடித்துவிட்டுப் போவான். அன்றைக்கு மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்தான்.

“உள்ள தூசி அடைச்சிருக்கும் அண்ணி. சூடாகியே செத்துப்போயிடும். நான் துடைச்சுக் கொடுத்துட்டுப் போறேன்.”

அவள் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கணவன் வீட்டில் இருந்தான். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் திரை கறுத்ததும் அவனுக்குத்தான் போன் செய்தாள். “டிரைவர் பிரச்சினை அண்ணி. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல பேசுற சாஃப்ட்வேர் அது. புதுசா ஒண்ணு போட்டுட்டா சரியாயிடும்” என்றான். புதுசு போட்டாள். பச்சைக் கோடு கடைசி வரைக்கும் நகர்ந்தது, திரை ஒருதரம் சிமிட்டியது, மறுபடியும் கறுப்பு. விசிறி மட்டும் உள்ளே இரைந்தது. பழுது பார்ப்பதற்கென்றே இருக்கும் ‘சேஃப் மோடில்’ திறந்து, போட்டதைக் கழற்றி, பழைய டிரைவரைப் போட்டாள். இந்தத் தடவை திரை வந்தது. ஆனால் வரைபடத்தைத் திறந்ததும் அலமாரிகள் தாறுமாறாகக் கிழிந்து தொங்கின. கதவுகள் பச்சையும் ரோஸுமாகக் கோடு கோடாய் ஆடின, அப்படியே உறைந்து நின்றன. கருவிகளின் பட்டியலில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில், கோளாறு என்று காட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம் உட்கார்ந்திருந்தது.

அவன் தினமும் புதுப்புது லிங்க் அனுப்பினான். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய பெரிய பச்சைப் பொத்தான்கள், அதில் எது நிஜம் எது பொய் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒன்றை அழுத்தியதில் எதுவோ தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. உங்கள் கம்ப்யூட்டர் முழுக்கப் பழுது என்று அலறியது. மூலையில் தொப்பை கரைக்கும் மருந்தும் அரைகுறை ஆடையில் பெண்களும் மாறி மாறி வந்தார்கள். தன் மேஜையில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனதுபோல் இருந்தது அவளுக்கு. அதைப் பிடுங்கி எறிவது, தலைமுடியில் ஒட்டிய சூயிங்கத்தை எடுப்பது மாதிரிதான் ஆயிற்று.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போடுங்க அண்ணி” என்றான். வரைபடங்களை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு அதையும் செய்தாள். பல காலமாகப் பார்த்துப் பார்த்து அமைத்து வைத்திருந்த கைப்பிடி வகைகளும் பலகை நிறங்களும் போயின. மஞ்சள் முக்கோணம் மட்டும் போகவில்லை.

இதற்கிடையில், புது வீடு கட்டிய பல் டாக்டரம்மா சமையலறைப் படத்துக்காகக் காத்திருந்தார். “எப்பதான் காட்டுவீங்க?” என்று அவர் கேட்பதில் முன்பிருந்த பதவிசு குறைந்துகொண்டே வந்தது. கணவன் காபி கொண்டுவந்து மேஜையில் வைப்பான். “அவன் சொல்றபடி செய். அவனுக்குத் தெரியாததா” என்பான்.

கடைசியில் இணையத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தாள். அதே கறுப்பு, அதே கிழிசல். கார்டு சொல்லும் பெயரை நம்பாதீர்கள், சிப்பையே படித்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டிப் பாருங்கள் என்று பதில் போட்டிருந்தார்கள். ஓட்டினாள். மேலே அவள் கார்டின் பெயரேதான் இருந்தது. கீழே, சிப் என்ற இடத்தில், அரதப் பழசான வேறு எதுவோ. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘போலி’ என்றிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கமூடியைக் கழற்றினாள்.

முதலில் கண்ணில் பட்டது தூசி. சாம்பல் நிறக் கம்பளிபோல் எல்லாவற்றின் மீதும் படிந்து கிடந்தது. அடியில் ஒரு கரப்பான் மல்லாந்து செத்துக் காய்ந்திருந்தது. சுத்தம் செய்தேன் என்று சொன்னவன் துணியால் ஒரு துடைப்புக்கூடத் துடைக்கவில்லை. கார்டு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் விரல் தடங்கள். அவளுடைய கார்டுக்கு இரண்டு விசிறி. இதற்கு ஒன்றுதான்.

அதை வெளியே எடுத்தாள். சிகரெட் புகை படிந்து படிந்து மஞ்சள் பிசினாகி, தொட்ட விரலோடு ஒட்டியது. விசிறித் தண்டில் யாருடைய தலைமுடியோ சிக்குப் பிடித்துச் சுற்றியிருந்தது. உலோகத் தகடுகளின் இடுக்கில் கரப்பான் முட்டைக்கூடுகள், பழுப்பு நிறத்தில், வரிசையாக. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கேயோ எவனோ பழைய குப்பைக்கு அதே நல்ல கார்டின் பெயரை ஏற்றி, சிஸ்டத்தின் தலையில் கட்டியிருக்கிறான். ஏமாறுவது யாருக்கும் நடக்கும். ஆனால் ஏமாந்தேன் என்று சொல்ல வாய் வராமல் அதை அண்ணியின் தலையில் கட்டிவிட்டு, அவளுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். அதற்குப் பிறகு கொஞ்சமும் கூசாமல் தினமும் போனில் டிரைவர் பாடம் எடுத்தானே, அதுதான் அவளுக்குக் குமட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு அவன் வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி கதவைத் திறந்தாள். “வாங்கக்கா. என்ன திடீர்னு?”

“தம்பியப் பாக்கணும்.”

அவன் அறையில் ஜன்னல் மூடியிருந்தது. சாப்பிட்ட தட்டு காய்ந்துபோய்க் கிடந்தது, அதிலேயே சிகரெட் துண்டுகளை அமுக்கி வைத்திருந்தான். கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டிக்குள் அவளுடைய கார்டு, இரண்டு விசிறியும் சுற்ற, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணி, வாங்க. டிரைவர் செட் ஆயிடுச்சா?”

அவள் பையை அவன் கீபோர்டின்மீது வைத்தாள். “இது உங்களோடது தம்பி. என்னோடதக் கழட்டிக் கொடுங்க.”

அவன் பையைப் பார்த்தான், மென்று விழுங்கினான். “அது வந்து, டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னுதான்...”

“பாத்தாச்சில்ல. கொடுங்க.”

“அலமாரி வரையறதுக்கு இவ்ளோ பெரிய கார்டு எதுக்கு அண்ணி? சும்மா வேஸ்ட்டாதான கெடந்துச்சு.”

“என்ன கார்டு?” என்றாள் வாசலில் நின்ற ஓரகத்தி. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“அதுலயும் ஓடியிருக்கும். சரியான டிரைவர் மாட்டியிருந்தா...” என்று இன்னமும் சப்பைக்கட்டுக் கட்டினான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிங்க் அடைப்பை எடுக்கும்போது கையோடு வருகிற ஒன்றைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். விசிறிகள் நின்றன. ஓரகத்தியிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். ஓரகத்தி எதுவும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடியைச் சாய்த்து வைத்து, திருகைக் கழற்றி, கொக்கியை அழுத்தி, கார்டை உருவி எடுத்தாள்.

அவள் கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னான். “நான் ஒண்ணும் திருடலை. அண்ணன்கிட்ட கேட்டுட்டுதான் எடுத்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் நேராக மேஜைக்குப் போனாள். கார்டிலும் அவன் அறையின் புகை நாற்றம் ஏறியிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இறகு இறகாகத் துடைத்தாள். பெட்டியில் இருந்த தூசியையும் வாரிக் கொட்டினாள். கார்டைப் பொருத்தி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, அந்தக் கார்டுக்கென்று கம்பெனி கடைசியாக வெளியிட்ட பழைய டிரைவரைப் போட்டாள். விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு அதை மாற்றாதபடி தடுத்தும் வைத்தாள். திரை ஒருதரம் சிமிட்டித் திரும்பி வந்தது. மஞ்சள் முக்கோணம் இல்லை. டாக்டரம்மா வீட்டு அலமாரிக் கதவு நடுங்காமல் திறந்து மூடியது.

கணவன் எட்டிப் பார்த்தான். “சரியாயிடுச்சா? நான்தான் சொன்னேன்ல.”

“கார்ட மாத்துனது உங்களுக்குத் தெரியுமா?”

அவன் கதவுப் பிடியைத் தடவினான். “கேட்டான். ரெண்டும் ஒண்ணுதான், வேலைக்கு ஒரு தொந்தரவும் வராதுன்னான். தம்பியாச்சேன்னு...”

“நான் தெனமும் இதோட மல்லுக்கு நின்னப்ப?”

“டிரைவர்தான்னு அவன் சொன்னான். எனக்கு என்ன தெரியும்?”

அவன் வைத்துவிட்டுப் போன காபிகள் ஒவ்வொன்றும் அவள் தொண்டையில் மறுபடி ஏறின. தெரிந்தேதான் ஆறுதல் சொல்லியிருக்கிறான். அவள் போனை எடுத்து டாக்டரம்மாவின் நம்பரை அழுத்தி அவனிடம் நீட்டினாள்.

“ஏன் லேட்டாச்சுன்னு நீங்களே சொல்லுங்க. பூசி மெழுகாம சொல்லுங்க.”

அவன் வாங்கமாட்டேன் என்பதுபோல் கையைப் பின்னுக்கு இழுத்தான். அதற்குள் மறுமுனையில் குரல் கேட்டுவிட்டது. வாங்கிக்கொண்டான். தம்பி என்றான், கார்டு என்றான், எனக்குத் தெரியும் என்றான், பாதியில் இருமினான். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“போன வாரமே வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம்.”

அவள் டாக்டரம்மாவின் படத்தை மூடினாள். பட்டறைக்காரர் அனுப்பியிருந்த அடுத்த வீட்டு அளவுகளைத் திறந்து, முதல் சுவரை வரைய ஆரம்பித்தாள். அவன் இன்னும் அங்கேயே நின்றான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.